டீச்சர் பதில்கள்: களத்துமேட்டில் எட்டுச் சக்கரம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஸ்கேட்டிங் பற்றி மட்டும் நாலு. கோடை விடுமுறை நெருங்குகிறது, காரணம் புரிகிறது. நீடாமங்கலம் பக்கத்திலிருந்து வந்த முதல் கடிதத்துக்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன். அதே கேள்வியோடு என் மகள் என் எதிரில் வந்து நின்ற நாள் ஒன்று உண்டு.

*கேள்வி: டீச்சருக்கு வணக்கம். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளை மன்னார்குடியில் ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். வாரம் இரண்டு நாள். அவள் சுற்றிச் சுற்றி வருவாள். நான் தண்ணீர் பாட்டிலும் பையுமாக ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். போன வாரம் "அம்மா, நீயும் கத்துக்கோயேன். அப்பாவும் அண்ணனும் வரட்டும்" என்றாள். எனக்கு 36 வயது, அவருக்கு 43. மகன் ஆறாம் வகுப்பு. என் மாமியார், "கையைக் காலை முறிச்சுக்கிட்டா நடவுக்கு யாரு நிப்பா?" என்கிறார்கள். குடும்பத்தோடு கற்றுக்கொள்ள முடியுமா? எங்கே ஓட்டுவது? என்ன வாங்குவது?*
— நீடாமங்கலம் அருகே ஒரு வாசகி

பதில்: தாராளமாக முடியும். உங்கள் அத்தை கேட்டதும் நியாயமான கேள்விதான், அதற்கும் பதில் வைத்திருக்கிறேன்.

நான் 31 வருடம் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவள். கோ-கோ, கபடி, எறிபந்து என்று எத்தனையோ பிள்ளைகளை ஓட விட்டிருக்கிறேன். ஆனால் என் காலில் சக்கரம் ஏறியது 46 வயதில்தான். பாபநாசத்துக்குத் தெற்கே எங்கள் ஊர்க் களத்தில், ஐந்தாம் வகுப்பு படித்த மகள் என் முன்னால் நின்றுகொண்டு "முட்டியை மடக்கும்மா, இன்னும் மடக்கு, கீழ பாக்காத" என்று சொல்லச் சொல்ல நான் செய்தேன். வீட்டிலும் பள்ளியிலும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தே பழகியவள் நான். அன்றைக்கு அவள் டீச்சர், நான் மாணவி. அந்த ஒரு மாதத்தில் அவள் என்னிடம் பேசியதுபோல் அதற்கு முன்பு பேசியதில்லை. உங்கள் மகளுக்கும் இப்போது உங்களைவிட ஒரு விஷயம் கூடுதலாகத் தெரியும். அதை அவளிடமே கற்றுக்கொள்ளுங்கள்.

முதலில் இடம். ரோடு வேண்டவே வேண்டாம். நம் பக்கத்து ரோடு எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வயல், நடுவில் டவுன் பஸ். அறுவடை வந்துவிட்டால் பாதி ரோட்டில் நெல் காயும். ஆற்றங்கரைத் தார்ச்சாலை பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் நிற்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் ஆறு இருக்கக் கூடாது. கல்யாண மண்டபத்து டைல்ஸ் தரையில் சக்கரம் பிடிக்காமல் பக்கவாட்டில் வழுக்கும். ஊரிலேயே இருக்கிறதே சிமென்ட் களம், அதுதான் சரியான இடம்.

தை, மாசியில் சம்பாவும் தாளடியும் களத்துக்கு வரும். பங்குனியில் உளுந்து, பயறு. அதெல்லாம் வீடு போய்ச் சேர்ந்த பிறகு, சித்திரையிலிருந்து குறுவை அறுவடை வரைக்கும் களம் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கிறது. ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் களத்தில் செருப்போடு ஏற மாட்டோம், அதனால் எனக்குத் தயக்கமாக இருந்தது. "நெல்லு இல்லாதப்ப வெளையாடுங்க, போறப்ப கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். இன்றுவரை அந்தப் பேச்சைக் காப்பாற்றுகிறோம்.

ஓட்டுவதற்கு முன்னாலும் கூட்ட வேண்டும். தென்னந்துடைப்பத்தால் கூட்டிவிட்டு, வெறுங்காலில் குறுக்கும் நெடுக்கும் ஒரு முறை மெதுவாக நடந்து பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய கல் உள்ளங்காலுக்குத் தப்பாது. மிளகு அளவு கல் ஒன்று முன் சக்கரத்தின் அடியில் மாட்டினால் போதும், சக்கரம் அங்கேயே நின்றுவிடும், உடம்பு முன்னால் போய்விடும். உதிர்ந்து கிடக்கும் நெல்லும் அப்படித்தான் ஆளைத் தள்ளிவிடும். சிமென்ட் பாளங்களுக்கு நடுவே வெடிப்பு, இடைவெளி இருந்தால் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். கோலமாவு வேண்டாம், அது பறந்து பேரிங்குக்குள் போய்விடும். சித்திரை வெயிலில் சாயங்காலம் ஐந்து மணிக்கும் களம் சுடும். காலை ஆறிலிருந்து ஏழரை, இல்லாவிட்டால் வெயில் தாழ்ந்த பிறகு இருட்டும் வரைக்கும்.

அடுத்து, வாங்குவது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று சக்கரம் இருப்பது குவாட். நாலும் ஒரே வரிசையில் இருப்பது இன்லைன். பெரியவர்கள் புதிதாக நிற்கப் பழகுவதற்குக் குவாட் நல்லது, அடி அகலம். களம் ரொம்பச் சொரசொரப்பாக இருந்தால் மட்டும் இன்லைனை யோசிக்கலாம், அதன் சக்கரம் பெரிது, வெடிப்பில் அவ்வளவு சீக்கிரம் மாட்டாது. சக்கரத்தின் பக்கவாட்டில் 82ஏ, 95ஏ என்று ஓர் எண் போட்டிருக்கும். எண் குறையக் குறைய ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும். சிமென்ட் களத்துக்கு 78ஏ முதல் 85ஏ வரை சரி. 95க்கு மேல் போனால் அது வழவழப்பான உள்ளரங்கத் தரைக்கானது, களத்தில் ஓட்டினால் பல் வரைக்கும் அதிரும்.

"வளர்ற புள்ள" என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கும் பழக்கம் நமக்கு உண்டு. பள்ளிச் சட்டைக்கு அது சரி, ஸ்கேட்டுக்கு ஆபத்து. பிள்ளைகளுக்கு நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்கேட் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். பெரியவர்கள் காலுறை போட்டு, வாரை இறுக்கிக்கொண்டு, முட்டியை மடக்கிப் பாருங்கள். குதிகால் மேலே எழும்பினால் அது உங்கள் சைஸ் இல்லை.

பணம் குறைவாக இருந்தால் ஸ்கேட்டில் மிச்சம் பிடியுங்கள், கவசத்தில் பிடிக்காதீர்கள். ஸ்கேட்டைப் பழையதாகக்கூட வாங்கலாம். ஹெல்மெட் புதிதாகத்தான் வாங்க வேண்டும். முழங்கால், முழங்கை உறைகளோடு மணிக்கட்டு உறையும் எல்லோருக்கும் வேண்டும். விழுகிறவர்கள் யாராக இருந்தாலும் கையை ஊன்றித்தான் விழுவார்கள். ஸ்கேட்டிங்கில் மணிக்கட்டு அதிகமாக அடிபடுவது அதனால்தான். நான் பழக ஆரம்பித்து இரண்டாவது மாதம், வேர்த்து ஊற்றுகிறது என்று மணிக்கட்டு உறையைக் கழற்றிவிட்டு "கடைசியா ஒரு சுத்து" என்று கிளம்பினேன். பின்பக்கமாகச் சாய்ந்தேன், வலது கையை ஊன்றினேன். எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் என் மகள்தான் எனக்குத் தலை பின்னிவிட்டாள். உங்கள் அத்தையின் கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது: கை முறிவது பெரும்பாலும் ஸ்கேட்டிங்கால் இல்லை, உறை இல்லாத ஸ்கேட்டிங்கால்.

பெண்களுக்கு ஒரு விஷயம், இதை வகுப்பில் யாரும் சொல்ல மாட்டார்கள். கண்ணாடி வளையலைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மணிக்கட்டு உறைக்கு மேலே ஒரு வளையல் உடைந்தால்கூட முழங்கைப் பக்கம் கிழித்துவிடும். மெட்டியைக் கழற்ற மனமில்லை என்றால் விரலைச் சுற்றி மெல்லிய துணி டேப் ஒட்டி, தடித்த காலுறை போடுங்கள். இல்லாவிட்டால் அரை மணியில் விரல் கன்றிப் போகும். கொலுசு கண்டிப்பாக வேண்டாம். தாலிச் செயின் உள்ளே இருக்கட்டும். சுடிதார் போதும், துப்பட்டா வேண்டாம், பேன்ட் கால் தரையில் புரளக் கூடாது. உங்கள் வீட்டுக்காரர் லுங்கியில் கிளம்பினால் திருப்பி அனுப்புங்கள்.

சரி, ஓட்டுவதற்கு வருவோம். முதல் நாள் சக்கரமே வேண்டாம். உறைகளை மட்டும் போட்டுக்கொண்டு நாலு பேரும் களத்தில் விழுந்து பழகுங்கள். முட்டியை மடக்கி, உடம்பைத் தாழ்த்தி, முழங்கால் உறை முதலில் தரையில் பட, பிறகு கை. விரல்கள் மேல்நோக்கி மடங்கியிருக்கட்டும். பத்து முறை, இருபது முறை. பிள்ளைகள் இதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார்கள். பெரியவர்களுக்குத்தான் தரைக்குப் போகவே கூச்சம். விழுந்து பல வருடம் ஆகியிருக்கும். உங்கள் வீட்டுக்காரரை இதில் மட்டும் விட்டுவிடாதீர்கள். விழப் பயப்படுகிறவர் விறைத்து நிமிர்ந்து நிற்பார், நிமிர்ந்து நிற்பவர் பின்னால் விழுவார். பின்பக்கம் விழுவதுதான் மோசம்.

இரண்டாம் நாள் ஒரு கோணிச் சாக்கை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் ஸ்கேட்டோடு நில்லுங்கள். சாக்கில் சக்கரம் ஓடாது. குதிகால் இரண்டும் ஒட்டி, முன்பாதம் வாத்துக் கால் மாதிரி விரிந்து இருக்கட்டும். முட்டி மடங்கியிருக்கட்டும். அப்படியே இடம் வலமாகக் காலைத் தூக்கித் தூக்கி வையுங்கள். உடம்பு பழகியதும் சாக்கை விட்டு இறங்கி அதே நடையை நடந்தால், நீங்கள் தள்ளாமலே சக்கரம் உருளும். எனக்கு அந்த முதல் உருளல் மூன்று அடி தூரம் இருக்கும். நெஞ்சு படபடத்தது இன்னும் நினைவிருக்கிறது.

எழுந்திருப்பதற்கும் ஒரு முறை உண்டு. இரண்டு முழங்காலில் நில்லுங்கள், ஒரு காலை முன்னால் ஊன்றுங்கள், அந்த முட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தி எழுந்திருங்கள். தரையில் கையை ஊன்றி எழப் பார்த்தால் சக்கரம் ஓடிவிடும். விழுந்தவரை இன்னொருவர் கை கொடுத்துத் தூக்கவும் வேண்டாம், இருவரும் விழுவீர்கள். அதே காரணத்துக்காகத்தான் மகள் கையைப் பிடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள் என்கிறேன். எட்டு வயதுப் பிள்ளையின் மேல் ஒரு பெரியவர் விழுந்தால் தாங்காது. ஆளுக்கு ஆள் இரண்டு கை தூரம் இருக்கட்டும்.

திரும்புவதற்குக் காலை முறுக்க வேண்டாம். 1863இல் நியூயார்க்கில் ஜேம்ஸ் பிளிம்ப்டன் என்பவர் ஸ்கேட்டின் பலகைக்கும் சக்கரத் தண்டுக்கும் நடுவே ரப்பர் வைத்தார். அதற்கு முந்தைய ஸ்கேட்டுகள் நேராகப் போகத்தான் லாயக்கு. இன்றைய குவாட்டிலும் அதே ஏற்பாடுதான். எந்தப் பக்கம் உடம்பைச் சாய்க்கிறீர்களோ அந்தப் பக்கம் சக்கரம் தானே திரும்பும். சைக்கிளை வளைக்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

வேகம் பழகுவதற்கு முன் நிற்கப் பழகுங்கள். கால்களை அகட்டி, முன்பாதம் இரண்டையும் உள்பக்கம் திருப்பிக் குதிகாலை வெளியே அழுத்தினால் வேகம் குறையும். குவாட்டில் முன்னால் ஒரு ரப்பர்க் கட்டை இருக்கும், ஒரு காலைப் பின்னால் விட்டு அதைத் தரையில் இழுத்தும் நிற்கலாம். இன்லைனில் அந்தக் கட்டை பெரும்பாலும் வலது குதிகாலில் இருக்கும்.

இந்த இடத்தில்தான் உங்கள் அத்தை தேவை. களத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு, கையில் ஒரு விசில் கொடுங்கள். அவர்கள் விசில் அடித்தால் எல்லோரும் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், கடைசியாக நிற்பவர் சாக்குக்குத் திரும்பிப் போக வேண்டும். என் மாமியாரும் முதல் வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வாரம் நான் கிளம்ப நேரமானால் அவரே விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பார். பேத்தியைவிட என்னைத்தான் அதிகம் திருத்தினார். "ஏ புள்ள, குனி, குனி" என்ற அந்தக் குரல் இல்லாமல் எனக்கு முட்டி மடங்கியிருக்காது.

வாரம் மூன்று நாள், நாளுக்கு அரை மணி போதும். களைத்த பிறகு ஓட்டும் கடைசிச் சுற்றில்தான் அடிபடுவார்கள். என் வலது கையே சாட்சி.

*கேள்வி: ஐப்பசி மழையில் மகனின் ஸ்கேட் நனைந்துவிட்டது. சக்கரம் கரகரவென்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டும் சரியாகவில்லை. புதிது வாங்க வேண்டுமா?*
— கும்பகோணம் வாசகர்

பதில்: வேண்டாம் ஐயா. கெட்டது பேரிங் மட்டும்தான். ஒரு ஜோடி ஸ்கேட்டில் எட்டுச் சக்கரம், சக்கரத்துக்கு இரண்டு பேரிங், ஆக 16. பெரும்பாலும் 608 என்ற எண்தான், வெளிவட்டம் 22 மி.மீ., துளை 8 மி.மீ. சிறு மோட்டார்களிலும் இதே பேரிங் உண்டு என்பதால் பேரிங் கடைகளில் கிடைக்கும். சில ஸ்கேட்டுகளில் துளை 7 மி.மீ. இருக்கும், எனவே பழையதில் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

தேங்காய் எண்ணெய் விட்டதுதான் தவறு. அது கெட்டிப்பட்டுத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பேரிங்கைக் கழற்றி, ஸ்பிரிட்டில் கழுவி, நன்றாகக் காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். விரலால் சுற்றும்போது இன்னும் கரகரத்தால் துரு உள்ளே போய்விட்டது, மாற்றிவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது நட்டை முழுக்க இறுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்துங்கள், சக்கரம் ஆடக் கூடாது, தடையில்லாமல் சுற்ற வேண்டும். சைக்கிள் கடைக்காரரிடம் கொடுத்தாலும் செய்துவிடுவார். ஆனால் மகனை உட்கார வைத்து இருவருமாகச் செய்யுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு நல்ல வேலை.

*கேள்வி: எனக்கு 64 வயது. 14 வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் கொஞ்சம் மதமதப்பு. பேரன்கள் "தாத்தா, நீங்களும் வாங்க" என்கிறார்கள். ஆசையாக இருக்கிறது. ஓட்டலாமா?*
— தஞ்சாவூர் வாசகர்

பதில்: உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது ஐயா. ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் ஸ்கேட் அழுத்துவதும் கொப்புளம் வருவதும் தெரியாது, சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்தப் புண் ஆற நாளாகும். விழுந்தால் எலும்பு தாங்குமா என்பது இன்னொரு கவலை. மேலே நான் சொன்ன வெறுங்கால் நடையும் உங்களுக்கு இல்லை, நல்ல செருப்பில்லாமல் களத்தில் இறங்காதீர்கள். பாதத்தை மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள். பேரன்கள் உள்ளே சுற்றும்போது நீங்கள் களத்தின் வெளி ஓரமாக நடங்கள். அவர்கள் பத்துச் சுற்று முடிக்கும்போது நீங்கள் இரண்டு முடித்திருப்பீர்கள். மருத்துவர் சொல்லும் நடைப்பயிற்சியும் அதோடு முடிந்துவிடும்.

*கேள்வி: நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். மூன்று வருடமாக இன்லைன் ஓட்டுகிறேன். போட்டிக்குப் போக ஆசை. "இதெல்லாம் வெளிநாட்டு விளையாட்டு, இதுல நமக்கு என்ன இருக்கு" என்கிறார் அப்பா. என்ன சொல்லிப் புரியவைப்பது?*
— மயிலாடுதுறை மாணவி

பதில்: அப்பாவிடம் இதைக் காட்டுங்கள், மகளே. 2023 அக்டோபர் 2ஆம் தேதி ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3000 மீட்டர் ஸ்கேட்டிங் ரிலேயில் இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வாங்கியது. அந்த நாலு பேரில் ஆரத்தி கஸ்தூரி ராஜ், கார்த்திகா ஜெகதீஸ்வரன் இருவரும் தமிழ்நாட்டுப் பெண்கள். அதே நாளில் ஆண்கள் ரிலேயிலும் வெண்கலம். அந்த அணியில் ஓடிய சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார், 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தைஹேயில் நடந்த உலகப் போட்டியில் 1000 மீட்டரில் தங்கம் வென்றார். ஸ்கேட்டிங் ஓட்டத்தில் சீனியர் பிரிவில் இந்தியாவுக்கு அதுதான் முதல் உலகத் தங்கம். நம் மாநிலத்துப் பிள்ளைகள் ஓடி வாங்கியது. இனி இதை வெளிநாட்டு விளையாட்டு என்று ஒதுக்க முடியாது.

ஒலிம்பிக்கில் இந்த ஓட்டம் இன்னும் சேரவில்லை, அதையும் அப்பாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். படிப்பை விடுகிறேன் என்ற பேச்சே வரக் கூடாது.

ஆனால் செய்தித்தாளைக் காட்டினால் மட்டும் அப்பாக்கள் மாறிவிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவரைப் பயிற்சிக்குக் கூட்டிப்போங்கள். ஓரமாக உட்கார வைக்காதீர்கள். கையில் ஸ்டாப்வாட்சும் ஒரு நோட்டும் கொடுத்து, உங்கள் ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் அவரையே எழுதச் சொல்லுங்கள். நாலு ஞாயிறு எழுதட்டும். ஐந்தாவது ஞாயிறு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.